தப்பிய தசையையும் எழுதுங்கள்: பரம்பரைத் தசைநோய்க்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறையும் படிக்கும் முறையும்

தொடையின் நடுப்பகுதியைக் குறுக்காகக் காட்டும் டி1 எம்.ஆர்.ஐ. படம் ஒன்றைத் திரையில் வையுங்கள். கொழுப்பு வெள்ளையாகத் தெரியும், நல்ல தசை கருஞ்சாம்பலாகத் தெரியும். டியூஷேன் தசைச்சிதைவு முற்றிவரும் பையனின் தொடையில் பெரும்பகுதி வெளுத்திருக்கும். ஆனால் உள்பக்கம் நாடா போல ஓடும் கிராசிலிஸ், அதற்கு முன்னால் சார்டோரியஸ், பின்னால் செமிடெண்டினோசஸ், உள்ளே உருண்டையாக அடக்டர் லாங்கஸ் ஆகிய நான்கும் சாம்பல் நிறம் அதிகம் மாறாமல் நிற்கும். கெட்டுப்போன தசைகளை மட்டும் பட்டியலிட்டால் அந்த அறிக்கை பத்து நோய்களுக்குப் பொருந்தும். தப்பிய நான்கையும் சேர்த்து எழுதினால்தான் அது டியூஷேனுக்குக் காரணமான டிஸ்ட்ரோபின் மரபணுவின் பக்கம் கைகாட்டும்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை வட்டாரத்தில் ஸ்கேன் எடுப்பவர்கள், பிசியோதெரபிஸ்டுகள், நரம்பியலும் ரேடியாலஜியும் படிக்கும் மாணவர்கள் ஒரு குடும்பத்தை முறையாக ஆராய உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள இதை எழுதியிருக்கிறோம். 1.5 டெஸ்லா எந்திரம் போதும். மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் படம் பரம்பரை நோய்களுக்குத் தேவையில்லை.

முதலில் குடும்ப மரம்

ஸ்கேன் சீட்டு எழுதுவதற்கு முன் மூன்று தலைமுறைக்கு மரம் வரையுங்கள். இந்த வட்டாரத்தில் அதற்கென்று சில நுணுக்கங்கள் உண்டு.

"ஐயாவுக்கும் இப்படித்தான் நடை தளர்ந்தது" என்று நகரத்தார் வீட்டில் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். அப்பச்சியை (அப்பாவை) பெற்ற ஐயாவா, ஆத்தாவை (அம்மாவை) பெற்ற ஐயாவா என்று கேளுங்கள். எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் டியூஷேன், அதன் லேசான வடிவமான பெக்கர் ஆகிய வகைகளில் நோய் தாய்வழியில்தான் இறங்கும். அம்மான், பெரியம்மா மகன், சின்னாத்தா மகன் ஆகியோரைத்தான் தேட வேண்டும். இந்த விவரம் பெரும்பாலும் வீட்டு ஆச்சிமாருக்குத்தான் தெரியும். ஆண்கள் மட்டும் வந்து தகவல் சொன்னால் மரத்தின் பாதி காலியாகவே இருக்கும்.

அடுத்தது கோயில். நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என ஒன்பது கோயில்கள். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அதனால் "எங்களுக்குள் சொந்தத்தில் கலியாணமே கிடையாது" என்ற பதில் நல்லெண்ணத்தோடு வரும். கோயில் தந்தைவழிக் கணக்கு. அம்மான் மகளோ அத்தை மகளோ வேறு கோயிலாகத்தான் இருப்பாள். ஆனால் மரபணுக்கணக்கில் முதல் உறவு. அப்படிப்பட்ட தம்பதியின் பிள்ளைக்கு, பொது மூதாதையின் ஒரே பிரதி இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு எந்த மரபணுவிலும் 16இல் 1. அக்காள் மகளை மணக்கும் வழக்கம் உள்ள சமூகங்களில் அது 8இல் 1. ஆகவே கோயிலைக் குறித்துக்கொண்ட பிறகும், "கலியாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் என்ன உறவு?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, சுவீகாரம். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து மகனை எடுத்துக்கொள்வது இங்கே பழைய வழக்கம். கோயில் புள்ளிக் கணக்கில் (மணமான குடும்பங்களைக் கோயிலில் பதியும் கணக்கு) அவர் வளர்ந்த வீட்டின் பெயரில்தான் இருப்பார். மரத்தில் பிறந்த வீட்டுக்கு ஒரு கோடு, வளர்ந்த வீட்டுக்குப் புள்ளிக்கோடு என்று இரண்டையும் போடுங்கள். இதைத் தவறவிட்டால் தாய்வழி நோய் தந்தைவழி நோய் போலத் தோன்றி, தேடும் மரபணுவே மாறிப்போகும்.

இந்த நோய்கள் எந்தச் சமூகத்துக்கும் தனிச்சொத்து இல்லை. செட்டிநாட்டில் வாழும் எல்லாச் சமூகத்திலும் உறவுத் திருமணம் உண்டு, புதிதாகத் தோன்றும் பிறழ்வும் உண்டு. ஆனால் தமக்குள்ளேயே மணம் செய்யும் குழுக்களில் ஒரு மூதாதையின் பிறழ்வு பல வீடுகளில் பரவியிருப்பது இந்தியாவில் அறிந்த செய்தி. வடக்கே அகர்வால் சமூகத்தில், இடுப்பும் தோளும் தளரும் ஒரு தசைச்சிதைவுக்குக் காரணமான கால்பைன்-3 மரபணுவின் இரண்டு மூதாதைப் பிறழ்வுகள் அப்படித்தான் கண்டறியப்பட்டன.

மரம் வரையும்போதே நோயின் இடத்தையும் கேட்டுவிடுங்கள். பந்தியில் தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையூன்றித்தான் எழுகிறாரா? முகப்புப் படியேற முடியவில்லையா? அது இடுப்பும் தொடையும். நடக்கும்போது தெரியாமலே செருப்பு கழன்று பின்னால் நிற்கிறதா? அது கெண்டைக்காலின் முன்பக்கம். நுனிக்காலில் எட்டிப் பரணில் இருப்பதை எடுக்க முடியவில்லை என்றால், எட்ட முடியாதது காலாலா தோளாலா என்று பிரித்துக் கேளுங்கள். தூங்கும்போது இமை முழுதாக மூடாமல் இருப்பது, விசில் அடிக்க வராதது எல்லாம் முகத் தசை. இறுகப் பிடித்த கையை உடனே விரிக்க முடியாதது மயோட்டோனியா. எங்கே படம் எடுப்பது என்பதை இந்தப் பதில்கள்தான் தீர்மானிக்கும்.

எந்த நாளில் எடுப்பது

பெரும்பாலான மையங்களில் நேரம் கிடைக்கும் நாளில் எடுத்துவிடுகிறார்கள். ஸ்டிர் என்ற படவகைக்கு அது ஆகாது. ஸ்டிர், கொழுப்பை மறைத்துத் தசைக்குள் ஏறியிருக்கும் நீரைக் காட்டும். கடுமையான உழைப்புக்குப் பின் யாருடைய தசையிலும் நீர் ஏறும். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போய் வந்தவரின் கெண்டைக்கால் ஸ்டிரில் பளிச்சென்று தெரியும், தசை உடையும்போது ரத்தத்தில் ஏறும் சி.பி.கே. நொதியின் அளவும் எகிறியிருக்கும். அதைப் பார்த்து நோய் முனைப்பாக இருக்கிறது என்று எழுதினால் தவறு. நெடுநடை, காவடி, வயல்வேலை, புதிதாகத் தொடங்கிய ஜிம் எதுவாக இருந்தாலும் மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

புட்டத்தில் ஊசி போட்டிருந்தால் குளூட்டியஸ் தசையில் ஒரு வெள்ளைத் திட்டு நிற்கும். தசையின் மின்துடிப்பை அளக்கும் இ.எம்.ஜி. ஊசி, தசைத்துண்டு எடுக்கும் பயாப்சி இரண்டும் அப்படியே. எம்.ஆர்.ஐ. முதலில், ஊசி பிறகு என்ற வரிசை நல்லது. படத்தைப் பார்த்துப் பயாப்சி இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் அதில் உண்டு: முழுக்க வெளுத்த தசையில் எடுத்தால் கொழுப்புதான் வரும், தொடப்படாத தசையில் எடுத்தால் ஒன்றுமே வராது. லேசாகப் பாதித்த, அல்லது ஸ்டிரில் ஒளிரும் தசையைத் தேர்ந்தெடுங்கள்.

காந்த அறைக்கு முன் வழக்கமான கேள்விகளோடு சிலவற்றைக் கூடுதலாகப் பாருங்கள். தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு இரும்பு. தங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அதை விட்டுவிடுவார்கள். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் சரியாக இடுப்புப் படத்தில் ஒரு கரும்பள்ளம் விழும். மெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். ஜரிகைச் சேலையோடு உள்ளே அனுப்பாதீர்கள், உலோக இழை சூடாகும். காலில் மாட்டிய கேலிப்பர், சாதாரணச் சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் வாசலுக்கு வெளியே. லேமின், டெஸ்மின் மரபணுக்களால் வருவன போன்ற, இதயத்தையும் தொடும் நோய்களில் பேஸ்மேக்கர் இருக்கக்கூடும். அட்டையை வாங்கிப் படித்து, அது எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றதா என்று உறுதி செய்த பிறகே மேசையில் ஏற்றுங்கள்.

மூச்சு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நடமாட்டம் நன்றாக இருந்தும் உதரவிதானம் தளர்ந்துபோகும் நோய்கள் உண்டு. தசையில் கிளைக்கோஜன் தேங்கும் பாம்பே (Pompe) நோயும், செலினோ-என் (SELENON) என்ற மரபணுவின் குறைபாடும் அவற்றில் சேரும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறுகிறதா, காலையில் தலைவலியோடு எழுகிறாரா என்று கேளுங்கள். ஸ்பைரோமீட்டர் இருந்தால் உட்கார்ந்தும் படுத்தும் ஊதச் சொல்லுங்கள். படுத்தால் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்றால் நீண்ட ஸ்கேன் வேண்டாம். தொடை மட்டும் எடுத்து முடியுங்கள்.

குழந்தை அசைகிறது என்று மயக்கம் கொடுப்பதற்கு முன் நூறு முறை யோசியுங்கள். டிஸ்ட்ரோபின் குறைபாடு உள்ள பிள்ளைக்குத் தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியமோ முகரும் மயக்க வாயுவோ கொடுத்தால் தசை உடைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயம் நின்றுவிடக்கூடும். ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுக் கோளாறில் உடல் கொதிக்கும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா வரும். நோய் இன்னதென்று தெரியாததால்தானே படமே எடுக்கிறோம்? ஆகவே சந்தேகம் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் அபாயப் பட்டியலில் உள்ளவர்களாகவே நடத்துங்கள். சின்னக் குழந்தைக்கு அல்ட்ராசவுண்ட் போதும். அதைப் பற்றிக் கீழே.

மேசையில்

பஸ்ஸில் வந்து இறங்கியவரை உடனே படுக்க வைக்காமல் அரை மணி நேரம் ஓய்வாக இருக்கச் சொல்லுங்கள். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களை முதலில் உள்ளே அனுப்பும் நிலை. இரண்டு தொடைகளுக்கும், இரண்டு கெண்டைக்கால்களுக்கும் நடுவே துணி மடிப்போ பஞ்சுத்தட்டோ வையுங்கள். தோலோடு தோல் ஒட்டினால் மின்வளையம் உண்டாகிச் சூட்டுப் புண் வரும். கையைத் தொடைமேல் வைக்க விடாதீர்கள். குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்துக் கெண்டைக்கால் மேசையில் அழுந்தாமல் தூக்குங்கள். அழுந்தினால் தசையின் வடிவம் மாறும், அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிட முடியாது. முழங்கால் மடங்கி இறுகியிருந்தால் அதை நீட்ட முயலாமல் அடியில் முட்டுக் கொடுத்து, வெட்டுகளைத் தொடையெலும்புக்குச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டியது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு முதல் கணுக்கால் வரை, மூன்று கட்டங்களாக. இரண்டு காலும் ஒரே சட்டத்தில் வர 40 முதல் 45 செ.மீ. பார்வைப்பரப்பு. குறுக்குவெட்டு டி1: ஸ்லைஸ் கனம் 5 முதல் 8 மி.மீ., டி.ஆர். (துடிப்புகளுக்கு இடையிலான நேரம்) 500–700, டி.இ. (எதிரொலி நேரம்) 10–20 மில்லிசெகண்ட். அதே இடங்களில் ஸ்டிர்: டி.ஆர். 4000க்கு மேல், டி.இ. 40–60, டி.ஐ. (கொழுப்பை மறைக்கும் நேரம்) 1.5 டெஸ்லாவில் 150–170, 3 டெஸ்லாவில் 210–230. முகமோ தோளோ தளர்ந்தவருக்குத் தோள் வளையம் சேர்த்து எடுங்கள். மூச்சு சந்தேகம் இருந்தால் முதுகெலும்பு ஓரத் தசைகளும் நாக்கும்.

ஸ்டிரில் கொழுப்பு சரியாக மறையவில்லை என்றால் டி.ஐ. தவறியிருக்கிறது. தோலடிக் கொழுப்பு முழுக்கக் கறுத்ததா என்று முதல் படத்திலேயே பார்த்துத் திருத்துங்கள். நோயாளி இறங்கிப் போன பிறகு பார்த்துப் பயனில்லை. காயிலுக்கு (சமிக்ஞையை வாங்கும் சுருள்) பக்கத்தில் இருக்கும் தசை டி1இல் பொய்யாக வெளுத்துத் தெரியும். ஒளிச்சீர் வடிகட்டியைப் போட்டு எடுங்கள், அல்லது உடல் காயிலைப் பயன்படுத்துங்கள். 3 டெஸ்லாவில் பருத்த தொடையின் நடுவே கருநிழல் விழுவதும் எந்திரத்தின் வேலைதான்.

படத்தை அச்சடித்த ஃபிலிமாக வாங்காதீர்கள். ஒரு தாளில் இருபது சிறு கட்டங்களாக அடித்துத் தருவதில் தசையை எண்ண முடியாது. எந்திரத்தின் மூல டிஜிட்டல் வடிவமான டைகாம் கோப்பாகப் பென் டிரைவில் கேளுங்கள்.

படிப்பது

முதலில் டி1, பிறகுதான் ஸ்டிர். கொழுப்பு ஏறிய இடம் கடந்ததைச் சொல்லும். நீர் ஏறிய இடம் நடப்பதைச் சொல்லும். ஒரு வெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு தசையையும் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்து போங்கள்.

மதிப்பெண் போடுவதற்கு, மெர்க்குரி என்ற மருத்துவர் பெயரால் வழங்கும் அளவுகோலின் திருத்திய வடிவம் போதும். 0 என்றால் இயல்பு. 1 என்றால் அங்கங்கே பூச்சி அரித்தது போன்ற வெண்புள்ளி. 2ஏ: புள்ளிகள் பெருகி ஒட்டத் தொடங்கி, தசையில் 30 சதவீதத்துக்குள். 2பி: 30 முதல் 60 சதவீதம். 3: முழுக்க மங்கி வெளுத்து, ஓரத்தில் மட்டும் தசை மிச்சம். 4: தசையே இல்லை, உறையும் ரத்தக்குழாய்களும்தான் மிச்சம். ஒரு தாளில் தசையின் பெயர், வலம், இடம், டி1 மதிப்பெண், ஸ்டிர் உண்டா இல்லையா என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 0 வாங்கிய தசைக்கும் கட்டத்தில் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், பார்த்து எழுதவில்லையா பார்க்கவே இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. ஆய்வு என்றால் இருவர் தனித்தனியாக, மரபணு முடிவைப் பார்க்காமல் மதிப்பெண் போட வேண்டும்.

இனி உருவங்கள். சார்டோரியஸ் என்ற ஒரே தசையை வைத்தே எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். டிஸ்ட்ரோபின், கால்பைன் நோய்களில் அது நெடுநாள் தப்பி நிற்கும். பின்தொடையும் உள்தொடையின் அடக்டர் மேக்னஸும் வெளுத்து, சார்டோரியஸும் கிராசிலிஸும் முன்தொடையின் வெளிப்பக்க வாஸ்டஸ் லேட்டராலிஸும் தப்பி, கெண்டைக்காலில் சோலியஸும் உட்பக்கக் காஸ்ட்ராக்னீமியஸும் போயிருந்தால் கால்பைன் என்று நினையுங்கள். அதே சார்டோரியஸ் முதலில் வெளுத்து, ஒட்டிய கிராசிலிஸ் மட்டும் நின்றால் செலினோ-என். அந்தப் பிள்ளையின் முதுகு விறைத்துக் கழுத்து மடங்காமல் இருக்கும், மூச்சைப் பாருங்கள். சார்டோரியஸோடு முன்தொடையின் வாஸ்டஸ் தசைகளும் போய், நடுவில் ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் தீவு போல நின்றால் ஆர்.ஒய்.ஆர்.1. ஒரே தசை, மூன்று விடை. பக்கத்துத் தசை என்ன ஆனது என்பதுதான் பிரித்துக் காட்டுகிறது.

இந்தியாவில் மறக்கவே கூடாத உருவம், ஜி.என்.இ. என்ற மரபணுவின் கோளாறால் வரும் ஜி.என்.இ. மயோபதி. செருப்புக் கழன்று விழும் இளைஞன் அல்லது இளம்பெண், சி.பி.கே. லேசாகவோ நடுத்தரமாகவோ கூடியிருக்கும். கெண்டைக்காலின் முன்பக்க டிபியாலிஸ் ஆன்டீரியர் வெளுத்திருக்கும், பின்தொடை முழுக்க வெளுத்திருக்கும், முன்தொடைக் குவாட்ரிசெப்ஸ் மட்டும், அதிலும் வாஸ்டஸ் லேட்டராலிஸ், புதிது போல நிற்கும். பின்தொடை இவ்வளவு போனவர் எப்படி இன்னும் படியேறுகிறார் என்ற வியப்புக்கு அந்தப் படமே பதில். இந்தியத் துணைக்கண்டத்தில் இந்த நோயில் திரும்பத் திரும்ப வருவது, புரதத்தின் 727ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் மெத்தியோனின் அமரும் பிறழ்வு. இதற்கு எதிர்முனையில் டிஸ்ஃபெர்லின் மரபணுக் குறைபாடு: நுனிக்காலில் நிற்க முடியாது, சி.பி.கே. ஆயிரக்கணக்கில், கெண்டைக்காலின் பின்பக்கம் முதலில் போகும்.

கொலாஜன்-6 நோய்களில் வாஸ்டஸ் லேட்டராலிஸின் விளிம்பு வெளுத்து நடு தப்பும். ரெக்டஸ் ஃபெமோரிஸிலோ நடுவே நிழல் விழும். விரல்மூட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று கையைப் பிடித்துப் பாருங்கள். முகமும் தோளும் தளரும் எஃப்.எஸ்.எச்.டி.யில் வலமும் இடமும் ஒத்துப்போகாது. ஒரு பக்கத் தசை 4, அதே தசை மறுபக்கம் 0 என்று இருக்கும். ஸ்டிரில் ஒளிரும் தசைதான் அடுத்துக் கொழுப்பாகும் என்பதால் அந்தக் கட்டத்தைக் கவனமாக நிரப்புங்கள். மயோட்டோனிக் டிஸ்ட்ரோபியில் உட்பக்கக் காஸ்ட்ராக்னீமியஸ் முன்னால் போகும். முன்தொடையில் எலும்பை ஒட்டிப் பிறை போல வெளுக்கும், ரெக்டஸ் தப்பும். பாம்பே நோயில் முதுகோரத் தசைகளும் நாக்கும் வெளுக்கும். இதற்கு 2006 முதல் நொதி மருந்து இருப்பதால் உலர்ந்த ரத்தப் பொட்டுச் சோதனையை அன்றைக்கே அனுப்புங்கள்.

எல்லாத் தசையும் 4 என்று வந்துவிட்டால் அந்தப் படத்தில் உருவம் மிச்சமில்லை. அப்போது கெண்டைக்காலையோ தோளையோ பாருங்கள். அங்கும் போயிருந்தால், நோய் குறைவாக உள்ள தம்பியை, ஒன்றுவிட்ட அக்காளை எடுங்கள். குடும்பத்தில் இளையவரின் படம்தான் பல நேரம் மூத்தவருக்கு விடை சொல்லும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் அங்கேயே எடுத்துக் கோப்பை அனுப்பலாம். இதே வெட்டுகள், இதே அளவுகள் என்று எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

ஏமாற்றும் படங்கள்

வயதானவர்களின் குளூட்டியஸ் மினிமஸ் வெளுப்பது பெரும்பாலும் மூப்பு. சிறுவயதில் போலியோ வந்தவரின் ஒரு கால் மட்டும் முழுக்கச் சுருங்கி வெளுத்திருக்கும். பழைய கதையைக் கேட்டாலே தெரிந்துவிடும், கேட்காவிட்டால் எஃப்.எஸ்.எச்.டி. என்று எழுதிவிடுவீர்கள். முதுகுத் தண்டில் ஐந்தாம் இடுப்பு நரம்பு அழுந்தினால் அந்த நரம்பின் தசைகள் மட்டும் ஒரு பக்கம் போகும். நெடுநாள் படுத்த படுக்கையாக இருந்தவரின் தசை மெலியும், ஆனால் ஒன்று போய் ஒன்று நிற்கும் தேர்வு அங்கே இருக்காது.

எல்லாவற்றிலும் கொடுமையான தவறு, குணப்படுத்தக்கூடியதைப் பரம்பரை என்று முடிப்பது. குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை, சி.பி.கே. ஆயிரக்கணக்கில், ஸ்டிரில் தசைகள் பரவலாக ஒளிர்கின்றன, சில மாதங்களிலேயே தளர்ந்தார் என்றால் தற்காப்பு மண்டலம் தசையைத் தாக்கும் நோயாக இருக்கலாம். எச்.எம்.ஜி.சி.ஆர்., எஸ்.ஆர்.பி. என்ற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிச் சோதனைகளை அனுப்புங்கள். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இவர்கள் மெதுவாகத் தளர்ந்து தசைச்சிதைவு போலவே வருவதும் உண்டு. மருந்து கிடைத்தால் எழுந்து நடக்கக்கூடியவரை, மரபணு அறிக்கை வரும்வரை காத்திருக்க வைப்பது பெரிய இழப்பு.

அல்ட்ராசவுண்ட்

குழந்தைகளுக்கும் படுக்க முடியாதவர்களுக்கும் இது முதல் கருவி. 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் லீனியர் புரோப். கெயின் (படத்தின் வெளிச்ச அளவு), ஆழம், மற்ற அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு பிரீசெட்டாகச் சேமித்து, யாருக்கும் மாற்றாதீர்கள். படம் அழகாக வரவில்லை என்று கெயினைத் தொட்ட கணமே அளவு செத்தது. ஜெல்லை அள்ளி வைத்து, புரோப்பைத் தோலில் அழுத்தாமல், தசைக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் தசை பொய்யாகக் கறுக்கும். ரெக்டஸ் ஃபெமோரிஸுக்கு இடுப்பெலும்பு முன்முனைக்கும் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் சரிபாதி. டிபியாலிஸ் ஆன்டீரியருக்குச் சில்லின் கீழ்விளிம்பிலிருந்து வெளிக்கணுக்கால் வரையுள்ள தூரத்தில் நான்கில் ஒன்று. பைசெப்ஸுக்குத் தோள்முனையிலிருந்து முழங்கை மடிப்பு வரை மூன்றில் இரண்டு. இஞ்ச் டேப்பால் அளந்து பேனாவால் புள்ளி வைத்து, ஒவ்வோர் இடத்திலும் மூன்று படம்.

1982இல் வந்த ஹெக்மாட் தரவரிசை இன்றும் பயன்படுகிறது: 1 இயல்பு, 2 தசை வெளுத்து, அடியில் எலும்புக்கோடு தெளிவாக, 3 நன்றாக வெளுத்து எலும்புக்கோடு மங்கி, 4 எலும்பே தெரியாமல். பார்க்கும்போதே தசை துடித்துத் துடித்து அடங்கினால் எஸ்.எம்.ஏ. போன்ற நரம்புச்செல் நோயை நினையுங்கள்.

ஊர் ஊராகப் போய் முகாம் போடலாம் என்று எந்திரத்தை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எந்திரமும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும், கையடக்க எந்திரத்தை வெளியே கொண்டுபோகவும் கட்டுப்பாடு உண்டு. தசையைத்தான் பார்க்கிறோம் என்ற விளக்கம் விதிவிலக்கு ஆகாது.

ஆண்டுக்காண்டு அளப்பது

நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அறிய மதிப்பெண் போதாது. டிக்சன் முறை வேண்டும். தண்ணீரையும் கொழுப்பையும் தனித்தனிப் படமாகப் பிரித்து, கொழுப்பை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கொழுப்பு விகிதம். 3 டெஸ்லாவில் டி.இ. 3.45, 4.60, 5.75 மில்லிசெகண்ட் என்ற மூன்று புள்ளிகள், டி.ஆர். 100, சாய்கோணம் 10 பாகை. கோணத்தைக் கூட்டினால் கொழுப்பு மிகையாகத் தெரியும், ஏனென்றால் கொழுப்பு சீக்கிரம் மீளும், தண்ணீர் மீளாது. சில வெட்டுகளில் எந்திரம் இரண்டையும் இடம் மாற்றிவிடும்: ஒரு காலில் தோலடிக் கொழுப்பு தண்ணீர்ப் படத்தில் வந்து நிற்கும். கணக்குப் போடும் முன் ஒவ்வொரு வெட்டையும் கண்ணால் பாருங்கள்.

தசையைச் சுற்றிக் கோடு வரையும்போது உறைக்குச் சற்று உள்ளே வரையுங்கள். ரத்தக்குழாயையும் இடைக் கொழுப்பையும் விட்டுவிடுங்கள். எந்த வெட்டு என்பதை எலும்பிலிருந்து அளந்து குறியுங்கள். வளரும் பிள்ளைக்குச் செ.மீ. கணக்கு உதவாது, தொடையெலும்பின் நீளத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால் அளக்கும் மாற்றம் அவ்வளவு சிறியது. சார்கோ-மாரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயின் 1ஏ வகையில் ஓராண்டில் கெண்டைக்காலின் கொழுப்பு விகிதம் சராசரியாக 1.2 புள்ளிதான் கூடியது என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. வெட்டு இரண்டு செ.மீ. தள்ளிப்போனால் அதைவிடப் பெரிய பொய் மாற்றம் வந்துவிடும்.

மரபணு அறிக்கையோடு சேர்ப்பது

படம் சொல்லும் திசையை மரபணுச் சோதனைக் கூடத்துக்கு எழுத்தில் கொடுங்கள். டிஸ்ட்ரோபின் சந்தேகம் என்றால் முதலில் எம்.எல்.பி.ஏ. (எக்ஸான்களின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் சோதனை); பெரும்பாலான பிறழ்வுகள் மரபணுவின் 79 எக்ஸான்களில் (புரதக் குறிப்பு உள்ள துண்டுகளில்) சில விடுபடுவதோ இரட்டிப்பதோதான். எஃப்.எஸ்.எச்.டி., மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி இரண்டையும், எல்லா மரபணுக்களின் எக்ஸான்களையும் ஒருசேரப் படிக்கும் வழக்கமான எக்ஸோம் சோதனை பிடிக்காது. "எக்ஸோமில் ஒன்றுமில்லை" என்ற தாளோடு வருபவரின் படத்தில் அந்த உருவம் இருந்தால், தனிச் சோதனை கேட்பது உங்கள் பொறுப்பு. பொருள் தெளிவில்லாத பிறழ்வு என்று அறிக்கை வந்தால், அந்த மரபணுவுக்குரிய தசைகள் போயிருக்கின்றனவா, தப்ப வேண்டியவை தப்பியிருக்கின்றனவா என்று உங்கள் கட்டத்தாளை வைத்து ஒப்பிடுங்கள். தப்ப வேண்டிய தசை போயிருந்தால் அந்தப் பிறழ்வைச் சந்தேகியுங்கள்.

ஆய்வுக்காக எடுப்பதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்னதாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி பெற்றோரின் ஒப்புதலோடு, 7 முதல் 12 வயதுப் பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12 முதல் 18 வரை எழுத்திலும் இசைவு வாங்க வேண்டும். நலமாக இருக்கும் சிறுமியை, நோய்ப் பிறழ்வைக் கடத்துபவளா என்று அறிவதற்காக மட்டும் படத்துக்கோ சோதனைக்கோ உட்படுத்தாதீர்கள். அவள் வளர்ந்து தானே கேட்கட்டும்.

டைகாம் கோப்பின் தலைப்பில் பெயரும் வயதும் புதைந்திருக்கும். வெளியே அனுப்புமுன் நீக்குங்கள். முடிவைக் கூடம் நிறைய உறவினர் இருக்கும்போது சொல்லாதீர்கள். பெண் பார்க்கும் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு சொல் போதும், பல கிளைகளைப் பாதிக்கும். உரியவரிடம் தனியே சொல்லி, யார் யாருக்குச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்ய விடுங்கள். யாராவது குடும்ப மரத்தின் நகல் கேட்டால், அவருடைய கிளையை மட்டும் தனியாக வரைந்து கொடுங்கள்.